சுட்டான் கடையில் பதினோரு மணி

இந்த வாரம் ஒரு துப்பாக்கிச் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அன்று சத்தம் வரவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். சிதம்பரத்தில் எங்கள் தெரு வாசகசாலையின் முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பொங்கல் கழிந்து இரண்டு வாரம். விளக்கு வைக்கிற நேரத்துக்கே பனி இறங்கிவிட்டது. என் தோளில் ஓவிய வாத்தியாரின் கை. கை என்றால் வெறும் எலும்பு. இன்னொரு கை மேரியின் தோளில். மேரி என் வகுப்பு. எங்கள் இருவருக்கும் வெள்ளைப் பாவாடை, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை. எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாவுக்கட்டு. ஊஞ்சலிலிருந்து விழுந்து கை உடைந்திருந்தது.

வாத்தியார்தான் தலைவர். எந்தத் தலைவர் என்று எழுத வேண்டியதில்லை. பையிலிருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டிருப்பார். பிரார்த்தனைக்கு நடந்து போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளை எங்கள் வாசகசாலை ஆண்டுதோறும் இப்படித்தான் நினைவுகூர்ந்தது. சொற்பொழிவு கிடையாது. ஒரு பாட்டு, இரண்டு பெண் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தலைவர் நடந்து வருவது, அவரைச் சுடுவது, எல்லோரும் எழுந்து நிற்பது. அவ்வளவுதான்.

எதிரே கலியபெருமாள் மாமா வந்தார். எங்கள் தெருக்காரர். அப்போது அவருக்கு இருபதுக்குள் இருக்கும். கைகூப்பினார். கூப்பிய கைகளுக்கு நடுவே தீபாவளித் துப்பாக்கி. குனிந்து நிமிர்ந்து துப்பாக்கியை நீட்டி அழுத்தினார்.

‘டக்’ என்றது. பொட்டு வெடி வெடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் ‘டக்’.

முன்வரிசையில் முந்தானையைக் கண்ணுக்கு அருகில் தயாராக வைத்திருந்த பெண்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் நின்றார். நாங்களும் நின்றோம். கலியபெருமாள் மாமா துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, தலைவருக்கு வழிவிடுகிறவர் போல ஓரடி ஒதுங்கினார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “சுடுடா!”

“டேய், சுடுடா! எவ்ளோ நேரம் நிப்பாரு அவரு?”

“சுட்டுத் தொலைடா, கடைசி பஸ்ஸு போயிடும்!”

சிரிப்பு கிளம்பியது. பிறகு எல்லா மூலையிலிருந்தும் அதே சொல். “சுடு, சுடு.” காலையில் அதே வாசலில் தலைவர் படத்துக்கு மாலை போட்டவர்கள், நாள் முழுவதும் விரதம் இருந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். வாசகசாலைத் தலைவர் மேடை ஓரத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “மானத்த வாங்காத, சுடு.”

அப்போது என் தலைக்கு மேலே ஓவிய வாத்தியார் உதடு அசையாமல் பேசியது கேட்டது. “கலியா, நான் விழுந்துடறேன். நீ அப்பிடியே நில்லு.”

விழுந்தார். என் மாவுக்கட்டின் மேல் விழுந்தார். நான் வீறிட்டேன். அந்த வருடம் மேடையில் உண்மையாக அழுதது நான் ஒருத்திதான். ஊர் அதை நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது.

பேண்ட் இருந்தவர்

கொலைகாரனாக நடிக்க யாரும் முன்வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தலைவராக நடிக்கப் போட்டி இருந்தது. ஓவிய வாத்தியாருக்கு வழுக்கையும் ஒட்டிய வயிறும் இருந்ததால் அது தீர்ந்தது. சுட்டவன் பேண்ட் போட்டிருந்தான் என்று வாசகசாலையில் இருந்த பழைய பத்திரிகையில் இருந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் வேட்டி. பேண்ட் வைத்திருந்தவர் கலியபெருமாள் மாமா ஒருவர்தான். லாரி ஷெட்டில் வேலை பார்த்தபோது கிடைத்த காக்கி பேண்ட். தேசத்தின் பெரும் துயரத்தில் அவருக்கு இந்த வேடம் வாய்த்தது அந்தப் பேண்ட்டால்தான்.

ஓவிய வாத்தியாரைப் பற்றியும் ஒன்று. அவர் சேத்தியாத்தோப்புக்காரர். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தலைவரின் மார்பளவு சிமெண்ட் சிலை செய்து கொடுத்தார். வருடா வருடம் தலைவராக நடந்து பழகியதாலோ என்னவோ, படத்தைப் பார்த்துச் செய்யாமல் கண்ணாடியைப் பார்த்துச் செய்துவிட்டார். மூக்கு, தாடை, காது மடல் எல்லாம் அவருடையவை. வாத்தியார் இறந்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் வருடத்துக்கு மூன்று முறை அவருக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

முந்திரிக்கொட்டை செய்த குழப்பம்

நாடகம் சில வருடங்களே நடந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. கலியபெருமாள் என்ற அழகான பெயரை ஊர் மறந்தே போனது. அவர் ‘சுட்டான்’ ஆனார்.

“சுட்டான் வர்றான்டா, ஓடு” என்று பிள்ளைகள் ஓடும். குழாயடியில் ஒரு கிழவர் அவர் காலடியில் துப்பினார். விவரம் தெரிந்த கிழவர்தான். நாடகம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் துப்புவதற்கு யாராவது ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பெண் பார்த்தது காடாம்புலியூரில். அங்கே தோப்புத் தோப்பாய் முந்திரி. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒருநாள் சிதம்பரம் வந்தார். தெருமுனையில் நின்று கலியபெருமாள் வீடு எது என்று கேட்டிருக்கிறார். “எந்தக் கலியபெருமாளு? ஓ, நம்ம சுட்டானா?” என்றார்களாம். அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முந்திரிக்கொட்டை சுடுகிறவர் என்று எடுத்துக்கொண்டார். “நம்ம தொழிலுதான், கொட்டை சுடற பையன், கைப்பழக்கம் இருக்கும்” என்று ஊரில் போய்ச் சொல்லி, அந்த வைகாசியிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டார்.

மூன்றாம் மாதம் உண்மை தெரிந்தது. மாமனார் பஸ் பிடித்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாராம்: “மாப்ள, நீங்க எதத்தான் சுட்டீங்க?”

கலியபெருமாள் மாமா அன்றைக்கே முடிவு செய்ததாக என்னிடம் ஒரு முறை சொன்னார். சுட்டான் என்ற பெயர் போகப்போவதில்லை. அதற்கு ஏற்ற தொழிலாவது பார்த்துவிடுவோம். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு வடைக் கடை போட்டார். உளுந்து வடை, மசால் வடை, டீ. ஊர் சிரித்தது. “மொதல்ல தலைவரச் சுட்டாரு, இப்ப வடை சுடறாரு.” இருபது வருடத்தில் முதல் பாதி உதிர்ந்து, வடை மட்டும் நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் ‘சுட்டான் கடை’. வடை சுடுவதால் வந்த பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

“வடைதான் பாப்பா என்னக் காப்பாத்துச்சி” என்பார். எனக்கு இப்போது அறுபத்தெட்டு. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

மறைவு என்ற சொல்

இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் கடலூர் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்தவள். ஒவ்வோர் அழைப்புக்கும் தேதி, மணி, நிமிடம் போட்டே கை பழகிவிட்டது. எந்தச் சிலையைப் பார்த்தாலும் முதலில் பீடத்தைத்தான் படிப்பேன்.

நம் ஊர்ப் பீடங்களில் இரண்டே சொற்கள். தோற்றம், மறைவு. படுக்கையில் கிடந்து போனவருக்கும் மறைவுதான். மார்பில் குண்டு வாங்கியவருக்கும் மறைவுதான். மேகத்துக்குப் பின்னால் போவது போல, எங்கோ ஒதுங்கிக்கொண்டது போல. கடலூரில் ஒரு பீடத்தின் முன்னால் நின்று இதை என் கணவரிடம் சொன்னபோது, “அதுக்கு என்ன போடச் சொல்ற? தோற்றம், கொலைன்னா?” என்று கேட்டார். அந்தச் சிலையின் மூக்குக் கண்ணாடியை யாரோ அவ்வப்போது கழற்றிப் போய்விடுவார்கள். புதிதாக மாட்டுவார்கள். அதையும் யாராவது கழற்றுவார்கள்.

இன்னொன்று, அந்தப் பதினோரு மணி. தலைவர் கொல்லப்பட்டது மாலையில், ஐந்து மணிக்குப் பிறகு. நாம் மௌனமாக நிற்பதோ காலை பதினோரு மணிக்கு. அலுவலகம் நடக்கிற நேரம், எல்லோரும் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், வசதி. இதைப் பற்றி எத்தனையோ ஆசிரியர் கடிதங்கள் எழுதினேன். ஒன்றும் அச்சில் வரவில்லை. முன்பெல்லாம் நகராட்சிச் சங்கு ஊதும். ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பான். எங்கள் பகுதியில் சங்கு ஊமையாகிப் பல வருடம் ஆகிறது.

என் பணிக்காலத்தில் மேலும் இரண்டு தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் காலையில், ஒருவர் இரவில். இரண்டு முறையும் போர்டில் ஒரே சமயத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. எடுத்தால், எண் கேட்பதற்கு முன் அழைத்தவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: “நெசமாம்மா?” ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம், கம்பியின் இந்த முனையில் இருந்த காரணத்தாலேயே, நிஜமா என்று கேட்டார்கள். நான் மணியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வெட்டிய படம்

நடந்த கதைக்கு வருகிறேன். போன வருடம் வாசகசாலைக்குப் புதுச் செயலாளர் வந்தார். பிரபு என்று பெயர், துடிப்பான பையன். பழைய பீரோவிலிருந்து அந்த நாடகத்தின் ஒரே புகைப்படத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். வாத்தியார், மேரி, நான், எதிரே கூப்பிய கைகளை நீட்டிய கலியபெருமாள் மாமா. கைகளுக்கு நடுவே துப்பாக்கியின் மூக்கு. கீழே எல்லோர் பெயரும் போட்டிருந்தார்.

பார்க்க வந்த யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்தார்கள். அது எங்கெங்கோ சுற்றியது. சுற்றி வரும்போது படத்தில் வாத்தியார் இல்லை, மேரி இல்லை, நான் இல்லை. கலியபெருமாள் மாமா மட்டும் இருந்தார். சுற்றிலும் காவி நிறத்தில் ஒளிவட்டம் போட்டு, கீழே ‘வீர வணக்கம்’ என்று எழுதியிருந்தது.

இந்த ஜனவரியில், நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்பு, செல்வி போன் செய்தாள். செல்வி அவருடைய மகள். இப்போது கடையை நடத்துவது அவள்தான். காலை வடை மட்டும் அப்பா போடுவார்.

“அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்கக்கா. அப்பா நாலு நாளா கடைக்கு வர மாட்டேங்கறாரு. சோறும் சரியா எறங்கல.”

கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். வாசகசாலைக்கு எதிரில் இறங்கி, முதலில் பிரபுவைப் பார்த்தேன். சுவரிலிருக்கும் படத்தை எடுக்கும்படி செல்வி அவரிடம் கேட்டிருந்தாள்.

“மேடம், ஒண்ணும் பிரச்சன இல்ல. செல்வி அப்பாவ மட்டும் வெட்டிட்டு மாட்டிடலாம்” என்றார்.

“வெட்டுனா துப்பாக்கி புடிச்ச கை தெரியுமேப்பா. அது வாத்தியாரு நெஞ்சுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குது.”

“கையையும் எடுத்துடலாம் மேடம். இப்ப அதுக்கெல்லாம் ஆப் இருக்குது.”

“அப்ப தலைவரு எதுக்கு அப்பிடி நின்னுட்டிருக்காரு?”

பிரபு படத்தை ஒரு முறை பார்த்தார். “சும்மா நடந்து வர்றாரு மேடம். நல்லாத்தான் இருக்குது.”

மறைவு என்ற சொல்லை இத்தனை சுத்தமாக யாரும் வரைந்து காட்டியதில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. இந்த வயதில் கோபத்துக்கும் பஸ்ஸுக்குப் போல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. “இப்போதைக்கு எதையும் வெட்டாதப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நமத்துப்போகாத வெடி

செல்வி வீட்டு வாசலிலேயே நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். காரில் நாலு பேர் வந்தார்களாம். நல்ல மரியாதை. வடை சாப்பிட்டார்கள். “ஐயா, படத்துல இருக்கறது நீங்கதானே?” என்று கேட்டதும் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் கழித்து நடிப்பைக் கேட்டு வந்திருக்கிறார்களே என்று, டீக்குக் காசு வாங்காதே என்று சொல்லிவிட்டார்.

“அப்பறமாத்தான் அக்கா சொன்னாங்க. ‘நெசமா அதச் செஞ்சவரு பெரிய தியாகி ஐயா. அவர மாதிரியே நின்னிருக்கீங்க. ஜனவரி முப்பது காலையில வந்து உங்களுக்குப் பொன்னாட போத்தறோம்’னு. அப்பா கரண்டிய அப்பிடியே வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. நீங்க படிச்சவங்க, அந்தப் படத்த கழட்டச் சொல்லுங்க. இல்லாட்டி அவர வெட்டியாவது எடுக்கச் சொல்லுங்க.”

உள்ளே அவர் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோய், இப்போது அவரே தலைவர் வேடத்துக்குப் பொருந்துவார் போலிருந்தது.

“வா பாப்பா. மேரி நல்லா இருக்குதா?”

“மேரி போயி ஆறு வருஷம் ஆச்சி மாமா.”

“ஆமால்ல. மறந்துட்டேன்.” நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஊருல துப்புனாங்க, தாங்கிக்கிட்டேன். துப்புனா தொடச்சிக்கலாம். இவனுங்க துண்டு போடறேங்கறானுங்க. அத எப்பிடித் தொடைக்கறது, சொல்லு?”

ஆறுதலாக ஒன்று கொண்டுபோயிருந்தேன். தேதி பார்க்கிறவளால் கொண்டுபோக முடிந்தது அதுதான். படத்தின் நகலை எடுத்து என் கையைக் காட்டினேன். “மாமா, இங்க பாருங்க, மாவுக்கட்டு. எனக்குக் கை ஒடஞ்சது ஒரே ஒரு வருஷந்தான். வெடி வெடிக்காத வருஷம். இந்தப் படத்துல நீங்க யாரையும் சுடல. வெடி நமத்துப்போச்சி. அதை நான் எழுதறேன்.”

படத்தை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நமத்துப்போவல” என்றார். “நான் வைக்கல.”

எனக்கு விளங்கவில்லை.

“வெடிய நான் வைக்கல பாப்பா. சும்மா துப்பாக்கிதான் அது. அதுக்கு முன்ன மூணு வருஷம் சுட்டுட்டேன். சுடலன்னா என்ன ஆவும்னு பாக்கணும்னு இருந்துச்சி.”

“என்ன ஆவும்னு நெனச்சீங்க?”

“என்ன, அவரு பாட்டுக்கு உங்க ரெண்டு பேரையும் புடிச்சிக்கிட்டு நேரா பிரார்த்தனைக்குப் போயிடுவாருன்னு நெனச்சேன். நாங்கூட ஒதுங்கி வழி உட்டேன். போயிருக்கலாம். எடம் இருந்துச்சி.” படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “ஊரு உடலியே.”

அடுத்த வருடம் வெடியை வாசகசாலைத் தலைவரே தன் கையால் வைத்துக் கொடுத்தாராம். இரண்டு பொட்டு, ஒன்றின் மேல் ஒன்று.

செல்வி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் இது தெரியாது. “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஊரு அந்தப் பேர வச்சிருக்குமாப்பா?” என்று கேட்டாள்.

“வேற பேரு வச்சிருக்கும். சுடாதவன்னு. அதுக்குப் பொண்ணு யாரு குடுப்பா?” என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் என்று செல்வி பின்னால் சொன்னாள்.

படத்தை என்ன செய்யலாம் என்று கேட்டேன். “இருந்தா இருக்கட்டும், எடுத்தா எடுக்கட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தத் துண்டு மட்டும் என் தோள்ல உழக்கூடாது” என்றார்.

பிரபுவிடம் படத்தின் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: ‘இந்த ஆண்டு துப்பாக்கி வெடிக்கவில்லை.’ சேர்த்தார். “ஆனா மேடம், கீழ எழுதறதெல்லாம் யாரு படிக்கறா?” என்றார். அதுவும் சரிதான்.

மணி பாரு, பாப்பா

நினைவு நாளன்று காலை பத்து மணி வாக்கில் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் வந்திருந்தார். “நாள் அதுவுமா கடைக்கு வராட்டி பயந்துட்டான்னு ஆயிடும்” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் இரண்டு ஆட்டோக்காரர்கள், ஒரு கல்லூரிப் பெண், மருந்துப் பையோடு ஒரு பெரியவர். வழக்கமான கூட்டம்தான்.

கார் வந்து நின்றது. சொன்னபடியே நாலு பேர். மடிப்புக் கலையாத சட்டைகள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஜரிகைப் பொன்னாடை. இன்னொருவர் கைப்பேசியை ஏற்கெனவே உயர்த்திப் பிடித்திருந்தார்.

அவர் அப்போதுதான் எண்ணெயில் வடை தட்டிப் போட்டிருந்தார். ஏழெட்டு இருக்கும், மேலே எழும்பத் தொடங்கியிருந்தன.

“ஐயா, கொஞ்சம் இப்பிடி வெளிய வந்து நில்லுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு.”

அவர் நகரவில்லை. உறை பிரிகிற சத்தம் கேட்டது. பொன்னாடையின் ஒரு மடிப்பு விழுந்து ஜரிகை மின்னியது. செல்வி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“பாப்பா, மணி என்ன? பதினொண்ணு ஆயிடுச்சா?”

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஆக இன்னும் நேரம் இருந்தது. டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்த நாட்களில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிப் போட்டதில்லை. மேலதிகாரி கேட்டும் போட்டதில்லை.

“ஆயிடுச்சி மாமா” என்றேன். “பதினொண்ணு.”

கரண்டியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த தன் அழுக்குத் துண்டை எடுத்து அடுப்படி மேடைமேல் போட்டார். கைகளைத் தொங்கவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

முதலில் மருந்துப் பைப் பெரியவர் எழுந்தார். அதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். கல்லூரிப் பெண் காதிலிருந்த ஒயரைக் கழற்றினாள். கைப்பேசி பிடித்திருந்தவர் தானாகவே அதைத் தாழ்த்தினார். பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம், எந்தக் கட்சிக்காரனையும் விடாது. பொன்னாடைக்காரர் பாதி விரித்த ஜரிகையோடு அப்படியே நின்றார். மௌனமாக நிற்கிற மனிதன் மேல் எதையும் போர்த்த முடியாது.

எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. வடை பொன்னிறமாகி, செம்மண் நிறமாகி, கருகத் தொடங்கியது.

“மாமா, வடை தீயுது” என்றார் ஓர் ஆட்டோக்காரர், மெதுவாக.

அவர் அசையவில்லை.

“மாமோவ்! எடு மாமா, கருவுது!”

“எடுய்யா, எடு!” இது காரில் வந்தவர்களில் ஒருவர்.

இதே குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் தோளில் எலும்பான ஒரு கை இருந்தபோது. ஆனால் இன்று அவரைக் காப்பாற்ற யாரும் தானாக விழ வேண்டியதில்லை. கடிகாரம் என் கையில் இருந்தது. இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் சொல்லவில்லை. மேலும் விட்டேன். கடை முழுவதும் புகை.

“போதும் மாமா” என்று நான் சொன்ன பிறகுதான் கரண்டியை எடுத்தார். கரிக்கட்டைகளை அரித்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து, பொன்னாடைக்காரரிடம் நீட்டினார். அவருடைய இரண்டு கைகளிலும் பொன்னாடை இருந்தது. தட்டை வாங்க அதைக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தது.

“சாப்புடுங்க.”

“ஐயா, இது கருகிப்போச்சே.”

“ஆமாங்க. ஆனா நான் சுட்டது இதான். வேற எதையும் நான் சுடல.”

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. எதற்குச் சிரிக்கிறோம் என்று கல்லூரிப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது, அவளும் சிரித்தாள். அந்த மனிதர் தட்டைப் பெஞ்சில் வைத்தார். பொன்னாடையை மடிக்கப் பார்த்தார். அது வந்த மடிப்புக்குத் திரும்பவில்லை. சுருட்டிக்கொண்டு காருக்குப் போனார். கைப்பேசிக்காரர் மட்டும் கடைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் வருவார்கள், அவர்களோ வேறு யாரோ. அதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

அவர் எண்ணெயில் மிதந்த கரியை வடித்தார். புதிதாக மாவு தட்ட இலையைத் துடைத்தார். அப்போது செல்வியின் கைப்பேசி கூவியது. மாத்திரைக்காக அவள் தினமும் வைத்திருக்கும் அலாரம்.

“அப்பா, மணி பதினொண்ணு. மாத்திர.”

அவர் கை நின்றது. அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இப்பத்தான் பதினொண்ணா?”

“ஆமா மாமா.”

“அப்ப முன்ன நின்னது எதுக்கு?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டு நின்றார்.